தொட்டிலடிச் சுவர்

என் மகள் மேனுகாவின் கைக்குழந்தை அழும்போதெல்லாம் தொப்புள் முட்டை போலத் தள்ளிக்கொண்டு வந்தது. குடலிறக்கம்தான், நாலு வயதுக்குள் தானாக மூடிவிடும் என்று டொக்டர் பெண் சொன்னாள். சும்மா இருக்கச் சொல்வதற்கும் ஒரு படிப்பு. நான் தொப்புளில் ஒரு டொலர் நாணயக் குற்றியை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினேன்.

"அப்பா, காசு வைச்சுக் கட்டக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவ."

"உனக்கும் நான்தான் கட்டினனான். செத்தே போனனீ?"

வயிறு தட்டையாகிவிட்டது. ஆனால் பிள்ளை அழுதால் தொட்டிலடிச் சுவர் முட்டை போலப் புடைத்தது. நாங்கள் இருக்கிற இந்தக் கிரெய்கிபர்னில் புது வீடுகளை அட்டையால்தானே கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பெருவிரலால் அழுத்தினேன். இளஞ்சூடாக இருந்தது. உள்ளே போய்விட்டது. அழுகையும் நின்றது.

இன்று காலை அது உள்ளே போகவில்லை. பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தான். கட்டை அவிழ்த்தேன். வயிறு தட்டையாகவே கிடந்தது. மேனுகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் சுவரை விட்டு நகரவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள்.

"ஸ்கானும் எடுத்திட்டினம், அப்பா. குடல் ஒரு இடத்திலயும் சிக்கேல்லையாம். எங்க வெட்டுறது எண்டு கேக்கினம்."

"அழுறானே?"

"இல்லை. இப்ப அழுறதும் இல்லை."

இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருக்கிறேன். புடைப்பு கல்லாக இறுகிவிட்டது. அதைச் சுற்றி வெள்ளைப் பெயின்ற் கருநீலமாகிக்கொண்டு வருகிறது.