உள்ளே அம்மா இருக்காங்க

"நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன், காது கேக்கலையா?"

மரம் அறுக்கும் இயந்திரம் இரண்டு தடவை உறுமிவிட்டு அடங்கியது. அதற்குள் அடிமரத்தில் ஒரு விரல் ஆழத்துக்கு வெட்டு விழுந்திருந்தது. மேட்டிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்த பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் பைனாகுலர், காலில் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ்.

மர கான்ட்ராக்டர் எரிச்சலோடு திரும்பினார். "பறவை பாக்க வந்தீங்களா? பாத்துட்டுப் போய்க்கிட்டே இருங்கம்மா. இது தனியார் காடு."

"தனியார் காடுன்னா எதை வேணும்னாலும் சாய்ச்சிடுவீங்களா? மேல அந்தப் பொந்தைப் பாருங்க. இருவாச்சிப் பறவை குஞ்சு பொரிச்சிருக்கு. வாசலைப் பூசி அடைச்சுக்கிட்டு, தாய் குஞ்சோட உள்ளேயே கிடக்கு. ஆண் பறவை அதுல விட்டிருக்கிற சின்ன இடுக்கு வழியா ஊட்டினாத்தான் அதுக்குச் சாப்பாடு. மரம் சாய்ஞ்சா ரெண்டும் வெளியே வர வழியில்லாம நசுங்கிச் சாகும்!"

"காடுன்னா மரம் வெட்டத்தானேம்மா செய்வாங்க?"

"வெட்டவே கூடாதுன்னு நான் சொன்னேனா? அதோ, நெருக்கியடிச்சுக்கிட்டு ஒல்லி ஒல்லியா நிக்குதே, அதுல நாலை எடுங்க. கீழே வெயில் விழும், புல் முளைக்கும், மான் வரும். அதை விட்டுட்டு, பொந்து விழுந்த கிழட்டு மரம்தானா உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது? பட்டுப்போன மரத்தைக்கூட மரங்கொத்திக்குன்னு இருபது வருஷமா விட்டு வச்சிருக்கிற காடுய்யா இது!"

"எத்தனை வருஷமா பாத்தா என்ன? பத்திரம் உங்க பேர்லயா இருக்கு?"

கூலியாட்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"சரி. பத்திரம் யார் பேர்ல இருக்கோ, அவங்களா வெட்டச் சொன்னாங்க?"

அனுமதிச் சீட்டைச் சரிபார்க்க வந்திருந்த வனக்காவலர் குறுக்கே வந்தார். இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது அவருக்கு. "கோவப்படாதீங்கம்மா. பேப்பரெல்லாம் சரியா இருக்கு. நிலத்துக்காரம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. நாங்க என்ன செய்ய முடியும்?"

"காட்டுங்க."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதை யார் முன்னாடி போட்டாங்க?" குரல் சட்டென்று தணிந்திருந்தது.

இப்போது கான்ட்ராக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஒண்ணும் திருட்டு மரம் வெட்ட வரலம்மா! நேரா அவங்க வீட்டுக்கே போனேன். பாவம், அந்தம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. பேச்சுகூட வரலையாம். இன்னிக்கோ நாளைக்கோன்னு அவங்க பையனே கண் கலங்கிச் சொன்னாரு. 'உள்ளே அம்மா இருக்காங்க, சத்தம் போடாதீங்க'ன்னுட்டு, என்னை ஹால்ல உக்கார வச்சுட்டு, அவர்தான் ரூமுக்குள்ள போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்தாரு."

"அந்தம்மாவை நீங்க பாக்கல?"

"சாகக் கிடக்கிறவங்களை எட்டிப் பாத்துத் தொந்தரவு பண்ணச் சொல்றீங்களா? எனக்கும் மனசாட்சி இருக்கும்மா!"

அந்தப் பெண் பக்கத்திலிருந்த மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து வனக்காவலரிடம் திரும்பினார்.

"ஒரு புகார் எழுதணும் சார். பேனா எடுங்க."

"யார் மேலம்மா? கான்ட்ராக்டர் மேலயா?"

"என் பையன் மேல" என்றார், தன் அடையாள அட்டையை நீட்டியபடி. "சாகக் கிடக்கிற அந்தம்மா நான்தான்."