நிறுத்தி வைத்த சீன்

ஜோதிலட்சுமி டிவியைத் தடவிக்கொண்டிருந்தாள். திரையின் நடுவே ஒரு பழைய படத்தின் ஹீரோ கண்ணில் தண்ணீரோடு அசையாமல் நின்றான். அவள் விரல் திரையின் ஓரத்தில் மெதுவாக ஊர்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தான் அரசப்பன். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை அவனுக்கு. வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு மதியமே வந்திருந்தான், பெண்டாட்டியைக் கையும் களவுமாகப் பிடிக்க.

"இன்னாடி பண்ற?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "தூசி தொடைக்கிறேன்."

"ஊடு பூரா தூசி கெடக்குது. டிவியில மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

அவள் டிவியை அணைத்துவிட்டு, குழம்பைச் சுட வைக்க அடுப்படிக்குப் போனாள்.

மூன்று வாரமாக இந்தக் கூத்து நடக்கிறது. அவள் பிறந்த ஊரான எளாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பழைய ஆட்களோடு பேசிவிட்டு வந்த மறுநாளே ஆரம்பித்தது. வீட்டில் உட்கார்ந்து பார்க்க நல்ல காதல் படமாக எடுத்துக் கொடு என்று மகள் நர்மதாவிடம் கேட்டாள். இந்தப் பழைய படத்தின் பேரைச் சொல்லி, இதுவும் வேண்டும் என்றாள்.

நர்மதா பென்டிரைவில் பத்துப் படம் ஏற்றிக் கொடுத்தாள். ஒன்பதை இவள் சீண்டவே இல்லை. இந்த ஒன்றைத்தான் தினமும் போடுவாள். பாட்டு, சண்டை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஹீரோ அழும் அந்த சீனில் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள்.

அந்த நடிகனுக்கும் இப்போது வயசாகித்தான் இருக்கும். ஆனால் படத்தில் அப்படியே நிற்கிறானே, படுபாவி. முடி கொட்டியதும் பல் விழுந்ததும் அரசப்பனுக்குத்தான்.

சோறு வருவதற்குள் மகளுக்குப் போன் போட்டான். "உங்கம்மாவுக்கு இந்தப் படத்தை எதுக்குடி எடுத்துக் குடுத்த?"

"பொழுது போவட்டும்னுதான் நைனா. ஒரு படத்துல வர்றவன் மேலயா சந்தேகப்படுவ? எப்பதான் நீ மனுசங்கள நம்பப் போற?"

"நம்பணுமா? ஒருத்தன் கையில லெட்டரைக் குடுத்து அனுப்பினாக்கூட வழியிலேயே கிழிச்சுப் போட்டுட்டுப் போற உலகம்டி இது."

"இப்ப யாரு நைனா லெட்டரு எழுதுறாங்க?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள் நர்மதா.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

ஜோதிலட்சுமி தட்டோடு வந்தாள். அரசப்பன் தட்டைத் தொடவில்லை. "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். அவன்கிட்ட இன்னாத்தடி கண்டுட்ட? சொல்லு. இல்லேன்னா டிவியைத் தூக்கி வெளிய கடாசிடுவேன்."

"நான் ஹீரோவப் பாக்கல."

"பின்ன?"

அவள் டிவியைப் போட்டாள். அதே சீன் வந்து நின்றது. "அவன் முதுகுக்குப் பின்னாடி பாருங்க. கண்ணாடியப் போட்டுக்கினு பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனான் அரசப்பன். ஹீரோவுக்குப் பின்னால் வரிசையாக லாரிகள். எளாவூர் செக்போஸ்ட். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஷூட்டிங் நடந்தது. லாரியில் லோடு ஏற்றி இறக்கும் ஆட்களை எல்லாம் பின்னால் சும்மா நிற்கச் சொன்னார்கள்.

திரையின் ஓரத்தில் இரண்டு பேர். ஒருவனுக்கு நீல பனியன், தலையில் துண்டு, நெற்றியில் விழும் சுருட்டை முடி. அவன் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் லோகு. ஒரே லாரி, ஒரே சாப்பாடு என்று இருந்த சிநேகிதன். அரசப்பனுக்கும் ஜோதிலட்சுமிக்கும் கல்யாணம் ஆன மாசமே சூரத்துக்கு லாரி ஏறிப் போனவன், இன்றுவரை ஊர் திரும்பவில்லை.

"அட, நான்டி," என்றான் அரசப்பன்.

கல்யாண ஆல்பம் வெள்ளத்தோடு போய்விட்டது. முடியும் பல்லுமாக இருந்த அரசப்பன் இந்த டிவியைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. மூன்று வாரமாக அவன் வயிறு எரிந்தது தன்னைப் பார்த்தேதான்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா? நான் ஒரு கூறு கெட்டவன், உன்னப் போய் சந்தேகப்பட்டேன்." பழைய பனியன்காரனை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டான். "சும்மா சொல்லக்கூடாது, ஹீரோவே என் கால் தூசு பெறமாட்டான் போலக்குதே."



அவன் அவள் தோளைத் தொட்டான். "அதான் ஆளே உன் எதிர்ல நிக்கிறேனே. டிவியில இன்னாத்துக்குப் பாத்துக்கினு கெடக்குற?"

அவள் தோளை விலக்கிக்கொண்டு கையை நீட்டினாள். விரல் ஹீரோவைத் தாண்டியது. நீல பனியனையும் தாண்டிப் போய் நின்றது.

"எங்கிட்ட குடுக்கச் சொல்லி உங்க கையில லெட்டர் குடுத்தாரே, அவரப் பாக்குறேன்."