பெரியவனின் ரிலீஸ் தேதி

“அரை மணி நேரம் கத்தினான் டாக்டர். நான் கதவைத் திறக்கவே இல்லை!”

ஜெயசீலி இதைச் சொன்ன சத்தத்தில், மின்சார ரயிலில் எதிர் சீட்டில் இருந்த கொய்யாக்காய்க்காரம்மா கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கால்நடை மருத்துவர் ரமாவோ முகம் மலர்ந்து, “சபாஷ் மேடம்!” என்றாள்.

இருவரும் பொத்தேரிக்குப் போகிறார்கள். அங்கே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால், தாயை இழந்த கரடிக்குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடும் முகாம் வந்துவிடும். ரமா அங்கே டாக்டர். குரோம்பேட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஜெயசீலி, சனிக்கிழமை தவறாமல் வரும் தன்னார்வத் தொண்டர்.

முகாமின் சட்டம் கறாரானது. குட்டிகளுக்குக் கையால் ஊட்டக் கூடாது, கொஞ்சக் கூடாது, பெயர்கூட வைக்கக் கூடாது. அதனால் அங்கே எல்லாமே பெரியவன், சின்னவன்தான். இரண்டு பிள்ளைகளை ஊட்டி ஊட்டியே வளர்த்த ஜெயசீலி, வந்த புதிதில் ரமாவிடம் வாங்காத திட்டு இல்லை.

இரண்டு மாதம் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த ரமா இன்றுதான் வேலைக்குத் திரும்புகிறாள். அவளைப் பார்த்ததும் நலம்கூட விசாரிக்காமல், ஜெயசீலி பெரியவன் புராணத்தை ஆரம்பித்துவிட்டாள்.

“ரிலீசுக்கு இன்னும் மூணே வாரம்தான் இருக்கு டாக்டர். பெரியவன் இன்னும் ஒண்ணுத்துக்கும் தயாராகலை.”

“அதுக்குள்ள தேதியே குறிச்சாச்சா?” ரமாவுக்கு ஆச்சரியம். “தானா தேடிச் சாப்பிடுறானா?”

“எங்க டாக்டர்! நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பலாச்சுளையை மூணு இடத்துல ஒளிச்சு வெச்சேன். வாசனை பிடிச்சாவது கண்டுபிடிப்பான்னு பார்த்தா, ஒரு இடத்தைக்கூடத் தேடலை. நேரா நான் இருக்கற இடத்துக்கு வந்து கதவைத் தட்டிக்கிட்டுக் கத்துறான்.”

“எடை?”

“எழுபத்தெட்டு.”

ரமா திடுக்கிட்டாள். அவள் போகும்போது நாற்பதுகூட இல்லை. முகாமின் எடை மெஷினை முதலில் பார்க்க வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

“உடம்புல சுறுசுறுப்பு இருக்கா? ஏறுறானா?”

“நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. பகல் பூரா தூங்குறான், ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டிருக்கான்.”

“அது அவங்க சுபாவம்தானே மேடம், விடுங்க. ஆளுங்களைப் பார்த்தா ஒதுங்கிடுறானா?”

“அது மட்டும் நூத்துக்கு நூறு டாக்டர். யார் வந்தாலும் உள்ள போய்ப் பதுங்கிக்கிறான். முடி கழுத்து வரைக்கும் வளர்ந்து கிடக்கு. நகம் வெட்டுன்னா கையை இழுத்துக்கிறான்.”

“நகத்தை வெட்டவே கூடாது!”

“கூடாதா?” ஜெயசீலி விழித்தாள். “கெசியா பார்த்தா என்ன நினைப்பா?”

கெசியா என்பது புதிதாக மாற்றலாகி வந்த வனத்துறை அதிகாரியாக இருக்கும் என்று ரமா நினைத்துக்கொண்டாள். “யாரு, அவங்க வந்து பார்த்தாங்களா?”

“போன வாரம் வந்தா. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாளே! ‘எங்க பக்கம் யாரும் ஊட்டி விட மாட்டாங்க, தன் வயித்துக்குத் தானே வழி பார்த்துக்கத் தெரியணும்’னு. எனக்கு அவமானமாப் போச்சு. ஆனா அவ சொன்னது நியாயம்தானே?”

கொய்யாக்காய்க்காரம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “யம்மா, இம்மாம் பேசிக்கினு வரீங்களே, கடிச்சுகிடிச்சு வெச்சுடப் போவுது!”

ஜெயசீலி சிரித்துவிட்டாள். “கடிக்கல்லாம் மாட்டான்மா. கோவம் வந்தா தட்டைத் தள்ளி விட்டுட்டுப் போய்ப் படுத்துப்பான்.”

“பேஜார் புடிச்ச கேஸாகீது. அனுப்புறதுக்கு இன்னாத்துக்கு யோசிக்கிற?”

அந்தக் கேள்வியில் ஜெயசீலியின் சிரிப்பு அடங்கிவிட்டது. வண்டி பெருங்களத்தூரைத் தாண்டியது. அனுப்பத்தான் வேண்டும், அனுப்பவும் மனசில்லை. கண் கலங்கியதை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ரமாவுக்கும் பாவமாக இருந்தது. ஆனாலும் டாக்டர் டாக்டர்தானே. “மேடம், இந்த நிலைமையில அனுப்பினா பத்தே நாள்ல திரும்பி வந்து நிப்பான். அப்புறம் ஆயுசுக்கும் அடைச்சு வெச்சுத் தீனி போட வேண்டியதுதான்.”

“அதேதான் டாக்டர் என் பயமும்! அவன் திரும்பி வந்து கதவைத் தட்டினா, நானும் திறந்து விட்டுடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

ரமா அவள் கையை ஆதரவாகப் பற்றிக்கொண்டாள்.

“இதுக்கு ஏன் அழறீங்க? ரிலீசை ஒரு வருஷம் தள்ளிப் போட்டுடுவோம். கெசியாகிட்ட நானே பேசறேன்.”

ஜெயசீலி பதறிப்போய்க் கையை உருவிக்கொண்டாள்.

“ஐயையோ, அதெப்படி டாக்டர்? பொண்ணு வீட்டுல தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்த்து, கல்யாணப் பத்திரிகையே அடிச்சு முடிச்சுட்டாங்க!”