ஆறின இட்லி

என் இட்லிக் கடையில் ஊரே சாப்பிட்டது, என் மகள் யாழ்மொழியைத் தவிர. உளுந்தில் இருக்கும் ஒரு சத்தை உடைக்கிற நொதி அவள் உடம்பில் பிறவியிலேயே இல்லை. சாப்பிட்டால் மூளைக்கு ஆபத்து.

இந்த வருஷம்தான் நொதித்துளி வந்தது. இட்லிமேல் விட்டால் அந்தச் சத்தை அதுவே உடைத்துவிடும். உடைந்ததும், கூடவே தந்த தட்டில் பச்சை விளக்கு எரியும்.

ஆறின இட்லியை நான் யாருக்கும் வைத்ததில்லை. ஆவி பறக்கப் பறக்கத் துளி விட்டேன். சிவப்பு. இன்னொரு இட்லி. அதுவும் சிவப்பு.

“ஏமாத்துப் பசங்க!” என்று துளி விற்றவர்களைத் திட்டிக்கொண்டே மறுநாளைக்கான மாவைக் கரைக்க உட்கார்ந்தேன். சட்டென்று உறைத்தது. கொதிக்கிற தண்ணீரை விட்டால் மாவே பொங்காதே! துளியையும் சூட்டில் நான்தான் சாகடித்திருக்கிறேன்.

அடுத்த இட்லியை விசிறி ஆறவைத்துத் துளி விட்டேன். கொஞ்ச நேரத்தில் பச்சை!

யாழ்மொழி ஒரே வாயில் பாதியைத் தின்றாள். கடையே கைதட்டியது. பூரித்துப்போய் அடுத்த ஈட்டை இறக்கி, சுடச்சுட அவள் தட்டில் வைத்தேன்.

“ஆற வைம்மா. ஆறின இட்லிதான் ருசி.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் கடையைவிட்டே துரத்தியிருப்பேன். விசிறியை எடுத்தேன்.