நகக்கண்

"உன் விரல் வெட்டுப்பட்டாலும் பரவாயில்ல. அதுக்கு ஒரு சொட்டு ரத்தம் வரக் கூடாது" என்றான் அவள் கணவன் நஸ்ரி.

சவ்ரி தலையாட்டினாள். கவுதாரியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால்தான் நகத்துக்குள் ஓடும் ரத்தக்கோடு நிழலாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே வெட்டை நிறுத்திவிட வேண்டும்.

கூண்டுக் கவுதாரிக்கு நகம் தேயாது. சுருண்டு வளர்ந்து, சண்டையில் காலை வாரிவிடும். இந்தக் கவுதாரி, சர்தார், குஞ்சாக வீட்டுக்கு வந்ததிலிருந்து அதற்கு நகம் வெட்டுவது சவ்ரிதான். ஒரு தடவைகூட அவளுக்குக் கை தவறியதில்லை.

நஸ்ரிக்குப் பறவையைச் சண்டைக்கு விடத் தெரியும்; ஜெயித்தால் அதைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வரத் தெரியும். தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, காயம் பட்டால் உப்புத் தண்ணீரில் துடைப்பது எல்லாம் அவள் தலையில்.

நாளை வெள்ளிக்கிழமை, சரஃப்ஷான் ஆற்றங்கரையில் பீர்மத் என்பவனின் பறவையோடு சண்டை. பந்தயம் என்னவென்று சவ்ரிக்குக் காலையில்தான் தெரிந்தது. அதுவும் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான்.

பந்தயம், கொட்டிலில் நிற்கும் செவலைப் பசு. சவ்ரியின் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த மாடு ஈன்ற கன்று அது. அதன் பாலைத் தயிராக்கிச் சந்தையில் விற்றுத்தான் பிள்ளைகள் இருவருக்கும் ரொட்டியும் செருப்பும். பசு போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

கத்தரியைக் கையில் எடுத்தவள், கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தாள்.

"பந்தயம் வேண்டாம்னு சொல்லிடுங்களேன்."

"சாட்சி வச்சுக் கை குடுத்தாச்சு."

"சர்தார் தோத்துட்டா?"

"இதுவரைக்கும் முதுகு காட்டியிருக்கா அது? களத்து விஷயம் பொம்பளைக்கு எதுக்கு? நீ நகத்த வெட்டு."

அவன் சொன்னதும் ஒருவகையில் சரிதான். அந்த ஊரில் பெண்கள் களத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நஸ்ரி தேநீர்க் கெண்டியை எடுக்க உள்ளே திரும்பினான். சவ்ரி கண்ணை மூடிக்கொண்டு, நடுவிரல் நகத்தை அடியோடு நறுக்கினாள். சர்தார் துடித்தது. துணி சிவந்தது.

மாவுக் கிண்ணம் பக்கத்திலேயே தயாராக இருந்தது. நகம் வெட்ட உட்காரும்போதே அவள் எடுத்து வைத்திருந்தாள். ரத்தம் நிற்க ஒரு சிட்டிகை எடுத்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தாள். "மன்னிச்சிடுடா ராஜா, எனக்கு வேற வழி தெரியல" என்று அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். அந்த அழுகையில் நடிப்பு கொஞ்சமும் இல்லை.

நஸ்ரி திரும்பி வந்தான். அடி விழும் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவனோ பறவையைத் தரையில் விட்டுப் பார்த்தான். அது ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவன் மெல்ல மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான்.

"எல்லாம் போச்சு."

"கை தவறிடுச்சுங்க. நாளைக்கு இதக் கொண்டு போகாதீங்க."

"நொண்டியை எப்படிக் கொண்டு போறது? வலி தாங்காம ஓடிடும். ஒரு தடவ ஓடின பறவை அப்புறம் எந்தக் களத்துலயும் நிக்காது."

 மறுநாள் அவன் ஆற்றங்கரைக்குப் போகவில்லை; சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சவ்ரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பசுவுக்கு ஒரு கட்டு புல் கூடுதலாகப் போட்டாள். உர்ரென்று இருப்பார், நாலு நாளில் சரியாகிவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் பீர்மத் வந்தான். நஸ்ரியைவிட இளையவன், மரியாதை தெரிந்தவன். சவ்ரி சுடச்சுட ரொட்டி பிட்டு வைத்து, பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைகள் சுகமா, ஆடுகள் சுகமா என்று முறைப்படி எல்லாவற்றையும் விசாரித்தான். பிறகு சர்தாரின் காலைத் தூக்கிப் பார்த்தான்.

"நல்லாக் கட்டியிருக்கீங்க அண்ணி. மெத்துன்னு துணி போட்டு வைங்க, சீக்கிரம் காலை ஊனிடும்."

சவ்ரிக்கு மனம் குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

"ஒளிவுமறைவில்லாமச் சொல்றேன்" என்றான் பீர்மத். "வாய்க்கொழுப்புல கை குடுத்துட்டேன். சர்தார் முன்னாடி என் பறவை ஒரு நிமிஷம் நிக்காது. என் மாடு போச்சுன்னு நினைச்சுத் தூக்கமே இல்ல எனக்கு."

நஸ்ரி தலை நிமிரவில்லை. சவ்ரி சிரித்தாள். முந்தின நாள் பட்ட பாடெல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்தது.

"எப்படியோ, உங்க மாடும் தப்பிச்சுது, எங்க மாடும் தப்பிச்சுது."

பீர்மத் கிண்ணத்தைக் கீழே வைத்தான். நஸ்ரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். உண்ட வீட்டுக்காகக் கையேந்தி துவா ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தான். இடுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு கயிற்றை உருவியபடி கொட்டில் பக்கம் திரும்பினான்.

"களத்துக்கு வராத பறவை தோத்த பறவை, அண்ணி. அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?"