மட்டன் ஃப்ரைட் ரைஸ்

"மட்டன்னு சொல்லிடு, இன்னா?"

சமையலறை வாசலில் நின்று ராஜமாணிக்கம் கிசுகிசுத்தான். தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெனிபர் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானச் சோறு ஆறிக் கட்டிதட்டிக் கிடந்தது. அதை விரல்களால் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் அவனுடைய மேனேஜர் கனகசபை ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் கம்பெனியில் வேலை. திரும்பி வரும்போது புதுவாயல் கூட்டுரோட்டில் அவர் கார் தண்ணீரில் நின்றுவிட்டது. பின்னால் வந்த ராஜமாணிக்கம் அவரை பைக்கில் ஏற்றி, மழை விடும்வரை இருக்கட்டும் என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லையாம். ஓட்டல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன.

வீட்டில் சமைத்து இருந்தது அந்தச் சோறும், மத்தியானம் வறுத்ததில் மீந்த மாட்டுக்கறியும்தான்.

"ஏன், பீஃப்புன்னு சொன்னா வாய் வெந்துபூடுமா?" என்றாள்.

"மெதுவா பேசு. சார் சபரிமலைக்கு மாலை போடற ஆளு. மட்டன், சிக்கன்லாம் துன்னுவாரு. இது தெரிஞ்சா என்னை இன்னான்னு நெனப்பாரு?"

"அப்போ கறி வாணாம். முட்டைய ஊத்திக் கிளறிக் குடுக்கறேன். துன்னாதவருக்கு ஏமாத்திப் போடறது பாவம்யா."

"மொத மொறையா நம்ம ஊட்டுக்கு வந்துகீறாரு. வெறும் முட்டைசோறா போடுவ? கறியப் போடு. மட்டன்னு சொல்லு. அவ்ளோதான்."

அவன் கூடத்துக்குப் போய்விட்டான். அங்கே அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. வீட்டில் அவன் அப்படிச் சிரிப்பதே இல்லை.

ஷிப்ட் இன்சார்ஜ் ஆனதிலிருந்து இப்படித்தான். கறி வறுத்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறான். கறிக்கடைக்கு அவன் போவதில்லை; அவள்தான் போகிறாள், கறுப்பு கவரைத் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வருகிறாள். போன வாரம் மகளைக் கூப்பிட்டு, ஸ்கூலில் கேட்டால் மட்டன் என்று சொல்லப் பழக்கினான். ஏஞ்சலினுக்கு ஏழு வயது. ஏன் என்று கேட்டாள். சொன்னதைச் சொல்லு என்று அதட்டினான்.

ஜெனிபர் அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டாள். கறியைப் பொடிசாக நறுக்கினாள். கத்தி விழுந்த வேகத்தில் ஒரு துண்டு எகிறிச் சுவரில் பட்டது. எண்ணெய் புகைந்தது. வெங்காயம், கோஸ், இரண்டு முட்டை. பிறகு கறி. பாக்கெட்டிலிருந்த சோயா சாஸைப் பிழிந்து, மிளகுத்தூளை அள்ளிப் போட்டு, சோற்றைக் கொட்டிக் கிளறினாள். கரண்டி கடாயில் மோதிய மோதலில் கூடத்துப் பேச்சு ஒரு நொடி நின்றது.

தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தாள்.

"மட்டன் ஃப்ரைட் ரைஸ், சார்," என்று அவனே சொன்னான். "மத்தியானம் வாங்கினது. எளங்கறி."

கனகசபை குனிந்து சாப்பிட்டார். முதல் வாயில் கொஞ்சம் நிதானித்தார். அப்புறம் தலை நிமிரவே இல்லை. இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று தட்டை நீட்டினார்.

"அப்பா, இது மட்டன் இல்…" என்று ஆரம்பித்தாள் ஏஞ்சலின்.

ராஜமாணிக்கம் சிரித்தபடியே குழந்தையின் தொடையைக் கிள்ளினான். அவள் கண்ணில் நீர் முட்டியது. வாயை மூடிக்கொண்டாள்.

ஜெனிபர் அதைப் பார்த்தாள். காது மடலெல்லாம் சுட்டது. இந்த ஆளுடைய வேலை போனாலும் போகட்டும், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மேனேஜர் கை கழுவ எழுந்தார். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் பின்கட்டுக்குப் போனாள். தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"சார், நீங்க துன்னது மட்டன் இல்ல."

அவர் கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தெரியும்மா," என்றார். குரல் தணிந்திருந்தது. "மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு. எங்க அம்மா போனதுக்கப்புறம் நான் இதைச் சாப்பிட்டதே இல்ல. எங்க ஊட்டுல ஞாயித்துக்கிழமைன்னா இதுதான்."

சோப்பை எடுத்து இரண்டாம் முறை கையைத் தேய்த்தார். விரல்களை மோந்து பார்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"ராஜமாணிக்கத்துக்கிட்ட சொல்லிடாதம்மா. நான் யாருன்னு கம்பெனியில ஒருத்தருக்கும் தெரியாது."

சொம்பு காலியாகிவிட்டது. அவள் அதைக் கவிழ்த்தபடியே நின்றாள். கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. புருஷன்மேல் இருந்தது அப்படியே இருக்க, இந்த ஆள்மேலும் ஏறியது.

உள்ளே வந்ததும் ராஜமாணிக்கம் அவள் கையைப் பிடித்தான். "அங்க இன்னா பேச்சு? கண்டுபுடிச்சிட்டாரா?"

"கண்டுபுடிச்சிட்டாரு. மொத வாயிலயே."

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் சொன்ன மீதியை அவள் சொல்லவில்லை. அதை அந்த மனுஷனே சொல்லட்டும்.

மழை தூறலாகிவிட்டது. கனகசபை துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கிளம்பலாமா என்று கேட்டார். ராஜமாணிக்கத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரும் அவனைப் பார்க்கவில்லை. அவன் பைக்கைக் கிளப்ப, அவர் பின்னால் உட்கார்ந்தார்.

"வழியெல்லாம் பேசிக்கினே போங்க," என்று ஜெனிபர் வாசலிலிருந்து உரக்கச் சொன்னாள்.

இரண்டு பேரும் திரும்பவில்லை. தெருமுனை வரைக்கும் பார்த்தாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.