எண்ணூற்று அறுபது கிராம்

"எண்ணூற்று அறுபது கிராம்! நாலே நாள்ல! வகுப்புல மத்த எல்லாரும் சேர்ந்து கொட்டினதைவிட நீ ஒருத்தி கொட்டினது ஜாஸ்தி. வெட்கமா இல்ல?"

அறிவியல் டீச்சர் தாளை மேசைமேல் அடித்தாள். எதிரே நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தராசு'. இந்த வாரம் முழுக்க எடை போடுகிற வேலை அவளுடையது.

கடல் தாண்டி இருக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியோடு சேர்ந்து நடக்கிற திட்டம் அது. மண்ணையும் தண்ணீரையும் பாழாக்காமல் சாப்பிடுவது எப்படி என்று இரண்டு வகுப்பும் சேர்ந்து படிக்கின்றன. மதியம் டப்பாவில் மிஞ்சுவதைப் படம் எடுத்து அந்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பிறகு எடை போட்டு அவரவர் பெயருக்கு நேரே எழுத வேண்டும். டீச்சர் பெயரும் பட்டியலில் உண்டு. அது அந்தப் பள்ளிக்காரர்கள் போட்ட விதி.

டீச்சர் பெயருக்கு நேரே நாலு நாளும் பூஜ்யம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு பிடி சோறு விளைய எவ்வளவு தண்ணி வேணும்னு தொண்டை கிழியக் கத்தினேனே, எல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கா?"

"இல்ல மிஸ்."

"விடியக்காலையில எழுந்து கட்டிக் கொடுக்கறவங்க முகத்தை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தியா?"

பெண் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"பதிலே வராதே! வேற என்ன, கொழுப்பு!"

"இவ வயித்துக்குக் கட்டிட்டு வரல மிஸ், குப்பைத் தொட்டிக்குக் கட்டிட்டு வரா!" என்றது கடைசி பெஞ்ச். வகுப்பே சிரித்தது. டீச்சர் அதட்டவில்லை.

"மதியம் வீடியோவுல நீ பேச வேண்டாம். எழுந்து ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் பொதுவா ஒரு மன்னிப்புக் கேளு, போதும். இன்னிக்குத் தராசையும் தொடாதே."

வீடியோவில் பேச வேண்டிய பேச்சை அவள் ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கிறாள் என்று அவள் அப்பா போன வாரம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

"சரி மிஸ்," என்றாள்.

மதியம் டீச்சருக்கு உட்கார நேரமில்லை. திரை கட்ட வேண்டும், மைக் பார்க்க வேண்டும். ஆசிரியர் அறையில் நின்றபடியே அவசரமாகச் சாப்பிட்டு டப்பாவை மூடினாள். மற்ற நாளென்றால், "கொடுங்க மிஸ், எடை போட்டுக் கழுவிட்டு வரேன்" என்று தராசு வந்து நிற்பாள். "தினமும் டப்பா பளபளன்னு காலியா வருதே, என் கைப்பக்குவம் அப்படி!" என்று வீட்டில் கணவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்று அவள் வரவில்லை. ரோஷம் போலிருக்கிறது. டீச்சர் டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

திரையில் அந்தப் பள்ளி ஆசிரியர் வந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'தாடி சார்'.

"முதல்ல உங்க டீச்சருக்கு ஒரு கைதட்டு. நாலு நாளும் பூஜ்யம்!"

இரண்டு பக்கமும் கைதட்டல் அதிர்ந்தது. டீச்சர் கூச்சத்தோடு சிரித்தாள்.

அடுத்து படங்கள் ஓடின. தராசின் பெயருக்குக் கீழே நாலு படம். நாலிலும் ஒரே சதுர டப்பா. பக்கத்தில் மஞ்சள் மூடி, அதன் மூலையில் சின்னதாக ஓர் உடைசல்.

"இந்தப் பொண்ணை ஒண்ணு கேக்கணும்," என்றார் தாடி சார். "உடம்பு ஏதும் சரியில்லையாம்மா? சாப்பாடு இறங்கலையா?"

இப்படி ஒரு கேள்வி காலையில் டீச்சருக்குத் தோன்றவே இல்லை.

"ஏய், உன் டப்பா வட்டமாச்சே?" என்று கிசுகிசுத்தாள் பக்கத்தில் இருந்தவள்.

"சும்மா இருடி," என்றபடி தராசு எழுந்தாள். "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். கொழுப்புதான். எல்லாரும் மன்னிச்சுக்கங்க. இனிமே கொட்ட மாட்டேன்."

டீச்சரால் அந்த மூடியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"நீ உட்காரும்மா," என்றாள்.

நேரே தன் பையிடம் போனாள். உள்ளே கைவிட்டு எடுத்ததைக் கேமராவுக்கு எதிரே மேசையில் இருந்த எடைத் தராசின்மேல் வைத்தாள்.

சதுர டப்பா. மஞ்சள் மூடி. மூலையில் உடைசல். திறந்தால், முக்கால் டப்பா சோறு அப்படியே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை, கடைசி பெஞ்ச்கூட. கைதட்டின கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் டெஸ்க்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றாள் டீச்சர்.

"எங்களுக்குச் சொல்லித் தர்றது நீங்கதானே மிஸ். அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க உங்களைப் பார்த்துச் சிரிச்சிடுவாங்களோன்னு..."

டீச்சர் பட்டியலையும் பேனாவையும் அவளிடம் நீட்டினாள்.

"நாலு நாளையும் என் பேருக்கு நேரா மாத்தி எழுது. இன்னிக்கு உள்ளதையும் கூட்டிக்கோ. அப்புறம் மைக் முன்னால நின்னு உன் பேச்சைப் பேசு. உன் இடத்துல நான் உட்கார்ந்து கேக்கறேன்."